மாஸ்டர் விசிலடித்த காலை

காலை ஏழு மணிக்கு மாஸ்டர் விசிலடித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு. விசில் காதில் விழுந்ததும் பட்டன் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பால் யாருக்காகக் காத்திருக்கும்? அது பொங்கி, அடுப்பை அணைத்து, மேடையில் ஓடி, அவள் கால் கட்டைவிரலில் சொட்டிச் சுட்ட பிறகுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது.

ஒரு மனிதன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே விசிலடிப்பது மற்ற வீடுகளில் ஒரு விஷயமே இல்லை. இந்த வீட்டில் அது தலைப்புச் செய்தி.

மாஸ்டர் அவளுடைய கணவர். இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர். அவருக்கு வேறு ஒரு பெயர் இருந்தது என்பதே தெருவில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. பட்டன் என்பதும் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. கடைக்குப் பட்டன் தைக்க வந்தவள் மாஸ்டரையே கட்டிக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஆள் குள்ளமாக, உருண்டையாக வேறு இருப்பாள். எந்தக் காரணத்துக்காக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்று கேட்டால் மாஸ்டர் ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவார். குடும்ப அமைதி பற்றி அவருக்கு நன்றாகத் தெரியும்.

பஸ் டிப்போவுக்கு எதிரே, முதல் மாடியில் அவர்கள் கடை. முன்பாதி கடை, பின்பாதி வீடு, நடுவில் ஒரு திரை. பட்டன் திரையை இரண்டு விரல் அகலம் விலக்கிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் காலரின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினார், ஆவி எழுந்தது, உதட்டைக் குவித்தார், விசில் வந்தது. தலை லேசாக ஆடியது.

ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். பன்னிரண்டு வயது. ஒல்லியாக இருப்பதாலும் வாய் குத்துவதாலும் அவளுக்கு ஊசி என்று பெயர்.

"அம்மா, அப்பா விசிலடிக்கிறாரு."

"கேட்டுச்சு."

"நல்ல விசிலா, கெட்ட விசிலா?"

"வாயை மூடிக்கிட்டு ஸ்கூலுக்குக் கிளம்பு."

"நல்ல விசில் மாதிரிதாம்மா இருக்கு. ராகம் தப்புது, ஆனா சந்தோஷமா தப்புது."

பட்டன் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தாள். டாக்டரம்மா சொல்லி எழுதுகிற நோட்டு. நேற்று ராத்திரி பத்து மணிக்குப் படுத்தார், ஐந்தரைக்கு எழுந்தார். மாத்திரை போட்டார். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டார். முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும் அப்படியே. நோட்டு எல்லாம் சரி என்றது. பட்டன் நோட்டை மூடிவிட்டுத் திரையை மறுபடி விலக்கிப் பார்த்தாள்.

அவளுடைய பயத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் போன வருஷத்தைச் சொல்லியாக வேண்டும்.

ஏழே மாதத்தில் மூன்று விஷயம் நடந்தது. முதலில் மாமனார் போனார், மாஸ்டருக்குக் கத்தரி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அப்பா. அடுத்து, அவர்கள் கடை இருந்த பழைய கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லி ஒரே மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். பன்னிரண்டடி வெட்டு மேசையை மாடிப்படியில் ஏற்ற முடியாமல் மூன்று துண்டாக அறுத்து, மேலே கொண்டுபோய் மறுபடி சேர்த்தார்கள். அந்த அலைச்சலிலேயே, கர்ப்பமாக இருந்த பட்டனுக்கு ஏழாவது மாதத்தில் வலி கண்டுவிட்டது. குழந்தை பிறந்து இருபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். உள்ளங்கை அளவு பிள்ளை.

மூன்றுக்கும் மாஸ்டர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அப்பாவை அனுப்பிவிட்டு வந்து மறுநாளே துணி வெட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே தூங்கினார், அல்லது தூங்கினதாகச் சொன்னார். "எங்க மாஸ்டர் கல்லு மாதிரி" என்று பட்டன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லுக்கும் விரிசல் விடும் என்று அப்போது தோன்றவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்து, உடம்பு தேறி, முதல்முறையாகக் கெட்டியாக அழுத வாரத்தில் மாஸ்டருக்குச் சந்தோஷம் வந்தது.

என்ன சந்தோஷம்! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்த மனுஷன், படியேறி வருகிற ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து வரவேற்றார். தெருவில் போகிறவர்களை ஜன்னலில் இருந்தே அளவெடுத்தார். "சார், உங்களுக்கு மார்பு நாற்பத்தி ரெண்டு! யாரு அந்தச் சட்டையைத் தச்சது? அவன் மேல கேஸ் போடுங்க!" என்று கத்துவார். கீழே நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கூட்டம் சேர்ந்தது. வேலை வந்தது. ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, குளித்து, பவுடர் போட்டு, புது மாப்பிள்ளை மாதிரி நிற்பார்.

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் பத்து நாள் அந்த வீடே கொண்டாட்டமாகத்தான் இருந்தது. ஊசியோடு சேர்ந்து மேசைமேல் ஏறி ஆடினார். பட்டனே இல்லாத சட்டை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகவும், இனி பட்டனுக்கு ஓய்வு என்றும் அறிவித்தார். ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அவளைக் கையைப் பிடித்து எழுப்பி நிறுத்தி, "எல்லாரும் பார்த்துக்குங்க. உலகத்துலயே அழகான பொம்பளை இவதான். பதினாலு வருஷமா சொல்லணும்னு நினைச்சேன், நேரமே கிடைக்கல" என்றார். பட்டன் வெட்கத்தில் தையல் மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். ராத்திரி தனியாக நினைத்து நினைத்துச் சிரித்தாள். இதெல்லாம் வியாதி என்று யாருக்குத் தெரியும்?

பதினோராவது நாள் தெரிந்தது.

குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் ஆட்களுக்கு நூற்றிருபது கோட்டு தைக்க வேண்டும். கனத்த நீலத்துணி. அந்தத் துணிக்கு முகம் உண்டு, முதுகு உண்டு. ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் மங்கல். அப்படிப்பட்ட துணியை வெட்டும்போது ஒரு மடிப்பை முகம் மேலாகவும் அடுத்ததை முகம் கீழாகவும் விரிக்க வேண்டும். அப்போதுதான் ஒரு வெட்டில் கோட்டின் இடதுகையும் வலதுகையும் ஜோடியாக விழும். கத்தரியைத் தொடுவதற்கு முன்பே கற்றுக்கொடுக்கிற பாடம் அது. மாஸ்டர் அன்று விடிவதற்குள் எழுந்து, மொத்தத் துணியையும் முகம் மேலாகவே அடுக்கி, பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டித் தள்ளிவிட்டார்.

பட்டன் முதல் கோட்டுக்கு இடதுகையை ஏற்றினாள். அடுத்ததை எடுத்தாள். அதுவும் இடது. அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். இடது. கட்டை அவிழ்த்துத் தரையில் பரப்பினாள். இருநூற்று நாற்பது கை. இருநூற்று நாற்பதும் இடது.

"என்னங்க," என்றாள். "எல்லாம் இடது கையா இருக்குங்க."

மாஸ்டர் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "அதுல என்ன? ஆளுக்கு ரெண்டு இடது கை! மனுஷன் பழகிக்குவான் பட்டன், எதுக்கும் பழகிக்குவான்!"

அவளும் முதலில் சிரித்தாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் சிரிப்பை முடித்துக்கொள்ளத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. புதுத்துணி வாங்க வேண்டும் என்று அவள் சொன்னதும் கத்த ஆரம்பித்தார். தன் கண்டுபிடிப்பை நாசமாக்க அவள் சதி செய்வதாகச் சொன்னார். குழந்தை வீறிட்டது. ஊசி மூலையில் சுருண்டு உட்கார்ந்தாள். பட்டன் டிப்போவுக்கு ஓடினாள்.

மாஸ்டரின் அக்கா அங்கே பஸ் கண்டக்டர். யூனிபார்மோடு படியேறி வந்தவள் தம்பியை ஒரு பார்வை பார்த்தாள், தரையில் கிடந்த கைகளை ஒரு பார்வை பார்த்தாள். "இவன் ஒம்பது வயசுல கூட இந்தத் தப்பு பண்ணலை" என்றாள் மெதுவாக. பிறகு பஸ்ஸில் கத்துகிற குரலில், "டேய் தம்பி, டிக்கெட் எடுத்தாச்சு, ஏறு! பெரிய டாக்டரம்மா ஒருத்தங்களுக்குக் கோட்டு அளவெடுக்கணும்!" என்றாள். மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உற்சாகமாகக் கிளம்பிவிட்டார்.

மனநல டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்ததும், "உங்க கோட்டுல வலது தோள் அரை இஞ்ச் இறங்கியிருக்கு" என்றார்.

"ஆமா, எப்பவும் இழுக்குது," என்றார் டாக்டரம்மா. "உக்காருங்க. எத்தனை நாளா தூங்கலை?"

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். இருமுனைக் கோளாறு என்று பெயர் சொன்னார்கள். மனசு ஒரு முனைக்கு ஏறும், பிறகு மறுமுனைக்கு இறங்கும். "எங்கப்பா போனதாலயா, கடை போனதாலயா, பிள்ளைக்கு வந்த கஷ்டத்தாலயா?" என்று அக்கா கேட்டாள். "வியாதி உள்ளுக்குள்ள பதுங்கி இருந்திருக்கும். இது மூணும் சேர்ந்து கதவைத் தள்ளிவிட்டிருக்கு. யார் மேலயும் தப்பு இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. சொன்னபடியே இறங்கவும் செய்தது. இரண்டு மாதம் மாஸ்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அந்த இரண்டு மாதத்தைப் பற்றிப் பட்டன் யாரிடமும் பேசுவதில்லை. பிறகு ஒருநாள் எழுந்து வந்து, கத்தரிக்கு எண்ணெய் போட்டார். மறுவாரம் ஒரு சட்டை வெட்டினார். மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் தூக்கமுமாக வண்டி தண்டவாளத்தில் ஏறிவிட்டது.

ஆனால் சிரிப்பு மட்டும் ஏறவில்லை. மாஸ்டர் கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்தாலே பட்டன் வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். ராத்திரி அவர் புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்து மணி பார்ப்பாள். மாஸ்டர் அதைக் கவனித்தார். மெல்ல மெல்லச் சிரிப்பதையே நிறுத்திக்கொண்டார். அழுத்தமாக மடித்து உள்ளே வைத்துவிட்டார். ஒரு வருஷமாக வீடு அமைதியாக இருந்தது. பட்டனுக்கு அந்த அமைதி நிம்மதியாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது.

அந்த வீட்டில்தான் இன்று காலை விசில் கேட்டது.

ஊசி பள்ளிக்கூடம் போன கையோடு பட்டன் அக்காவுக்குப் போன் போட்டாள். காலை ஷிப்ட் முடித்துப் பதினோரு மணிக்கு அக்கா வந்து சேர்ந்தாள். மழை விட்டுச் சூடு ஏறியிருந்தது. ஈரத்துணி வாடையும் சாக்பீஸ் தூளும் கலந்த காற்று. மாஸ்டர் ஒரு பேன்ட்டுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றரை வயதுக் குட்டிப்பயல் மேசைக்கடியில் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா மேசைமேல் தொப்பியைக் கழற்றி வைத்தாள். "டேய். விசிலடிச்சியாமே."

மாஸ்டர் சாக்பீஸை வைத்தார். அக்காவைப் பார்த்தார், திரையருகே நின்ற மனைவியைப் பார்த்தார். "பஸ்ஸுல நீ நாளெல்லாம் விசிலடிக்கிற. நான் கேட்டேனா?"

"எனக்குச் சம்பளம் குடுக்கிறாங்கடா. நீ எதுக்கு அடிச்ச?"

"தெரியல. மழை பெஞ்சுது. காலர் நல்லா படிஞ்சுது. வந்துருச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேற எந்த ஊர் ராஜாவாகவும் நான் மாறல."

அக்கா அவர் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "பேச்சு நிதானமா இருக்கு. கண்ணும் ஒழுங்கா இருக்கு. எத்தனை மணி நேரம் தூங்கின?"

"ஏழரை."

"சாப்பிட்டியா?"

"ரெண்டு முட்டை, ரொட்டி. மூணாவது முட்டையை உன் தம்பி பொண்டாட்டி ஒளிச்சு வெச்சுட்டா."

பட்டனுக்குச் சிரிப்பு வந்தது. உடனே பழக்கதோஷத்தில் அவர் முகத்தைத் துழாவினாள். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"இதோ பாரு பட்டன். நேத்து நல்லா தூங்கினேன். மாத்திரை போட்டேன். இன்னைக்குச் சந்தோஷமா இருக்கேன். மூணும் நிஜம். மூணாவதை மட்டும் நீ நம்ப மாட்டேங்குற."

"எப்படிங்க நம்புறது?" என்றாள் பட்டன். "போன வருஷமும் சந்தோஷமாத்தான் இருந்தீங்க. எவ்வளவு சந்தோஷம்! நானும் பைத்தியக்காரி மாதிரி கூடவே சிரிச்சேன். பத்து நாள் சிரிச்சேன். அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருந்தா..."

"உனக்கு எப்படிம்மா புரியும்? டாக்டருக்கா படிச்ச?" என்றாள் அக்கா.

"அதுமட்டும் இல்லக்கா." பட்டன் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். வருஷம் முழுக்க யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "அத்தனை பேர் முன்னாடி என்னை அழகுன்னு சொன்னாரு. என் வாழ்க்கையில யாரும் அப்படிச் சொன்னதே இல்ல. அப்புறம் பார்த்தா அது வியாதியாம். இருநூத்தி நாப்பது இடது கையை விட அதுதான்க்கா எனக்கு..."

மறுபடி சேலைத் தலைப்பைத் தேடினாள். அக்காவே தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அது லேசில் நடக்கிற காரியம் இல்லை.

மாஸ்டர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். டேப் கழுத்தில் ஆடியது. "சொன்னது நான்தான்," என்றார். "சத்தம் போட்டுச் சொன்னதுதான் வியாதி."

பட்டன் நிமிர்ந்து பார்த்தாள்.

"சந்தேகம்னா டாக்டரம்மாவையே கேளு. மாத்திரை போட்டதுக்கப்புறம் எனக்குச் சத்தம்தான் போச்சு. சமாச்சாரம் அப்படியே உள்ளதான் இருக்கு. நான் சிரிச்சா உன் முகம் வெளுத்துப் போகுது, எதுக்கு வம்புன்னு வாயைத் திறக்கிறதில்ல."

"வெக்கங்கெட்டதுகளா, நான் ஒருத்தி நிக்கிறேன்," என்றாள் அக்கா. கண்ணை யூனிபார்ம் கையில் துடைத்துக்கொண்டாள். பிறகு பட்டனை இழுத்து, தம்பி முகத்தைத் திருப்பின அதே வெளிச்சத்துக்கு அவள் முகத்தையும் திருப்பினாள். "அவனை விடு. நீ எப்ப தூங்கின?"

"நானா?"

"நீதான். கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு. அவன் ஏழரை மணி நேரம் தூங்கினான்னு உனக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல உக்காந்து எண்ணினியா?"

பட்டன் குனிந்து குட்டிப்பயலின் நூல்கண்டைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எத்தனை நாளா?"

"நடுநடுவுல தூங்குவேன்க்கா."

"ஒரு வருஷமா," என்றார் மாஸ்டர். "நான் தூங்குற மாதிரி படுத்திருந்தா, மூச்சு வருதான்னு மூக்குல விரல் வெச்சுப் பாக்குறா. அதுக்குப் பயந்தே சீக்கிரம் தூங்கிடறேன்."

அக்கா இடுப்பில் கையை வைத்தாள். "நல்லா இருக்குடி உன் நியாயம். வியாதிக்காரன் ஏழரை மணி நேரம் தூங்கறான், வைத்தியம் பாக்குறவ ராப்பூரா முழிச்சுக் கிடக்கா. அடுத்த தடவை உன்னைத்தான் நான் பஸ்ஸுல ஏத்தணும் போல. போய்ப் படு."

"பகல்லயா? மதியம் பேன்ட்டு குடுக்கணும்."

"வெட்டறவன் அவன். தைக்க நாளைக்கு விடியும். குட்டியை நான் பாத்துக்கறேன். படுடி!"

"ஒரு அஞ்சு நிமிஷம்," என்றாள் பட்டன்.

வீட்டுக்குள் போக அவளுக்கு மனம் வரவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் போனால் அவரைப் பார்க்க முடியாது. வெட்டு மேசைக்கு அடியில் துண்டுத்துணி மூட்டைகள் கிடந்தன. அதில் ஒன்றைத் தலைக்கு வைத்து, மேசை நிழலில் காலை நீட்டினாள். தரை குளுகுளுவென்று இருந்தது. தலைக்கு மேலே கத்தரி பலகையில் உரசி நகர்ந்தது. கரக், கரக். நிதானமான வெட்டு. ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் துணியைத் தடவிச் சமன் செய்கிற சத்தம். ஓடுகிற மனசு உள்ளவன் இப்படித் தடவ மாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து அதை நோட்டில் எழுத வேண்டும் என்று நினைத்தாள். எழவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "மாஸ்டர், என் பேன்ட்டு..."

"ஷ்ஷ்!" என்றார் மாஸ்டர். "கடைக்குள்ள ஆள் தூங்குது."

"யாரு?"

"முதலாளியம்மா."

"எங்க?"

"குனிஞ்சு பாரு. சத்தம் போடாம பாரு."

கிசுகிசுவென்று ஒரு சிரிப்பு. அதற்கப்புறம் பட்டனுக்கு ஒன்றும் தெரியாது.

கண் விழித்தபோது ஜன்னல் வழியாக வந்த வெயில் மஞ்சளாகி எதிர்ச்சுவரில் ஏறியிருந்தது. அவள்மேல் யாரோ ஒரு கோட்டுத் துணியைப் போர்த்தியிருந்தார்கள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மடியில் குட்டிப்பயல் தொப்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஊசி தரையில் கால் நீட்டி ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். பட்டன் பதறி எழுந்தாள். மேசை நெற்றியில் இடித்தது.

"மணி என்ன?"

"அஞ்சரை," என்று மேலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. அவர் குனிந்து பார்க்கவில்லை. கத்தரி நிற்கவில்லை. "ஆறு மணி நேரம். மொத்தம் நாலு கஸ்டமர் வந்தாங்க. நாலு பேருக்கும் கிசுகிசுன்னு ரகசியம் சொல்ற மாதிரி அளவெடுத்தேன். ஒருத்தர் இடுப்பு அளவைச் சொன்னதும் நிஜமாவே ரகசியம்னு நினைச்சு அழுதுட்டாரு."

"பொய்யி," என்றாள் ஊசி. "அழலம்மா. ஆனா உன் குறட்டையைக் கேட்டுட்டு, மாஸ்டர் புது மிஷின் வாங்கியிருக்காரான்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?" என்று மேசைக்கடியில் இருந்தே கேட்டாள் பட்டன்.

"பழைய மிஷின்தான், பதினஞ்சு வருஷம் ஆச்சு, நல்லா உழைக்குதுன்னேன்."

பட்டன் சிரித்தாள். வயிறு குலுங்க, நெற்றி வலிக்க, துண்டுத்துணி மூட்டைமேல் சாய்ந்து விழுந்து சிரித்தாள். ஊசி சிரித்தாள். அக்கா திடுக்கிட்டு விழித்து, ஏன் என்று தெரியாமலே சேர்ந்துகொண்டாள். மேசைக்கு மேலே மாஸ்டரும் சிரித்தார். ஒரு வருஷமாக மடித்து வைத்திருந்த சிரிப்பு, வாய்விட்டு, பெரிதாக வந்தது. சிரித்து முடித்ததும் நின்றது. மறுபடி கத்தரி நகர்ந்தது.

அவள் இன்னும் மேசைக்கடியில்தான் இருந்தாள். அங்கிருந்து அவருடைய கால் மட்டும்தான் தெரிந்தது. அவர் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமலே இவ்வளவு நேரமும் சிரித்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.